அடமானம் வைத்த நகம்

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் ரத்தம் கேட்டுவிடலாம். ஊசியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் கையை நீட்டிவிடுவார்கள். நகத்தைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி! மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் தெருவுக்குப் போய், "உங்க கால் நகம் கொஞ்சம் வேணும்" என்று கேட்ட மட்டுவார்குழலியை அந்தத் தெருப் பெண்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளை பிடிக்க வந்தவளைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

குழலி திருச்சியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியை. வீடு ஸ்ரீரங்கத்தில். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். நம் உடம்பில் துத்தநாகம், குரோமியம், செலினியம் என்று சில தாதுக்கள் இருக்கின்றன. குழம்பில் பெருங்காயம் போல, இத்தனூண்டு. அந்த இத்தனூண்டு கூடினாலோ குறைந்தாலோ சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் மாறுகிறதா? ரத்தத்தைப் பார்த்தால் இன்றைய நிலவரம்தான் தெரியும். கால் நகம் மெதுவாக வளர்வது, அதில் பல மாதக் கதை படிந்து கிடக்கும். நோய் வந்து உட்காருவதற்கு முன்பே நகம் காட்டிக்கொடுத்துவிடாதா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்குப் பாதிப் பேர் நகரத்திலிருந்தும், பாதிப் பேர் தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியை மூன்று வேளையும் சாப்பிடும் ரைஸ்மில் தெருவிலிருந்தும் வேண்டும். தெரு இல்லை என்றால் ஆராய்ச்சியே இல்லை.

தெரு என்றால் ரெங்கம்மாள். நெல் அவித்துக் காயவைக்கிற களத்தில் மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டியவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் கல்யாணத் தேதியே மாறும்.

"ஏன் டீச்சர், முடியும் நகமும் கை மாறலாமா?" என்றாள் அவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "நாங்க வெட்டினா செடி மூட்டுல போட்டு மண்ணைத் தள்ளிடுவோம். உங்ககிட்ட குடுத்து, அதை எவனாவது எடுத்து செய்வினை வச்சான்னா யாரு பதில் சொல்றது?"

குழலிக்கு விஞ்ஞானம் பேச வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள், அங்கேதான் அவள் கெட்டிக்காரி. களத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து, பையிலிருந்த வெள்ளைப் பீங்கான் கத்தரியை எடுத்தாள். இரும்பு பட்டால் கணக்குத் தப்பும் என்பதால் அவளுக்குப் பீங்கான் கத்தரிதான். எல்லோரும் பார்க்கத் தன் கால் நகங்களையெல்லாம் வெட்டினாள். சின்ன விரல் நகங்களைத் தன் பெயர் எழுதிய கவரில் போட்டாள், அவளும் சோதனைக்கு ஓர் ஆள்தான். கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் ரெங்கம்மாளிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அக்கா. உங்க நகம் என்கிட்ட, என் நகம் உங்ககிட்ட. உங்க பொம்பளைங்களுக்கு என்னால ஒரு கெடுதல் வந்தா, இதை வச்சு எனக்கு என்ன வேணா செஞ்சுக்குங்க."

ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. நகங்களை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடமானம் வைக்கிறீங்க?"

"ஆமா. இன்னொண்ணும் சொல்றேன். யாருக்கு சர்க்கரை எட்டிப் பாக்குதுன்னு தெரிஞ்சாலும், மொதல்ல உங்ககிட்ட வந்து சொல்லிட்டுத்தான் மத்த வேலை."

நகம் வந்தது. ஆனால் ரெங்கம்மாள் போட்ட நிபந்தனையின்படி வந்தது. கத்தரி வீடு வீடாகப் போகும், அவரவர் நகத்தை அவரவரே வெட்டுவார்கள், கவர்களை ரெங்கம்மாள்தான் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பாள். அவளுடைய நகம் மட்டும் அதில் இல்லை. "எல்லாரும் குடுக்கட்டும், நான் காவலுக்கு இருக்கேன்" என்றுவிட்டாள்.

ஒவ்வொரு கவரிலிருந்தும் பாதி நகம் சென்னையில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போனது, மீதி கல்லூரி லேபிலேயே இருந்தது. முடிவு வந்தபோது குழலி கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் சாய்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. துத்தநாகம் சரி, செலினியம் சரி. ரைஸ்மில் தெருவின் குரோமியம் மட்டும் ஆகாயத்தில் நின்றது!

துறைத் தலைவர் பீமராவ் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அழுக்குச் சாம்பிள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"மனுஷ நகத்துல இவ்வளவு குரோமியமா? மோட்டார் சைக்கிள் பம்பர்லகூட இவ்வளவு இருக்காதும்மா. எங்கேயோ கலப்படம் ஆயிருக்கு. அந்தத் தெருவையே தூக்கிடு."

"தெருவைத் தூக்கினா என்ன சார் மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சமில்லைதான். ஆனா புரட்டாசியில நிதிக்குழு வருது. இதை அவங்க முன்னாடி வச்சா நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சுடும். மூட்டை கட்டிடலாம்."

மூட்டை கட்டுவதாம்! வருஷக்கணக்கில் எழுதி, கெஞ்சி, அலைந்து வாங்கிய ஆராய்ச்சி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக் கணவன் லக்ஷ்மணன், "ஊர்க் காலையெல்லாம் பிடிச்சே, கட்டின புருஷன் காலை விட்டுட்டே. என் நகத்தைக் குடுத்திருந்தா ரிசல்ட் ஜோரா வந்திருக்கும்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். பொன்மலை ரயில்வே பட்டறைக்காரன், கேலி பேசாமல் அவனுக்குச் சோறு இறங்காது. குழலி அடுப்படிக்குள் போய் அழுதாள். கோபத்தில் வந்த அழுகை அது. அந்தப் பெண்கள் நம்பிக் கொடுத்ததைக் குப்பை என்று சொல்லத் தன்னால் முடியாது என்ற கோபம்.

மறுநாள் காலை லேபில் மிச்சமிருந்த கவர்களை ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைத்தாளில் தட்டினாள். முதல் கவரின் மூலையிலிருந்து நகத்துண்டோடு பொடி போல ஏதோ உதிர்ந்தது. மஞ்சள் நிறம். இரண்டாவது கவரிலும் அதே பொடி. நகரத்துக் கவர்களைத் தட்டினாள், ஒன்றும் இல்லை. தன் கவரைத் தட்டினாள், சுத்தமாக இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஊர்ந்தபோது இறங்கி ஓடலாமா என்று இருந்தது அவளுக்கு.

ரெங்கம்மாள் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாகவே சொன்னாள்.

"ஆமா, மஞ்சத்தூள் போட்டேன். தெருக்கோடி மாரியம்மன் காலடியில வச்சு எடுத்து, ஒவ்வொரு கவர்லயும் ஒரு சிட்டிகை. பின்ன? எங்க பொம்பளைங்க நகத்தைக் காப்பு இல்லாம சும்மாவா அனுப்புவேன்?"

"அந்த மஞ்சத்தூள் எங்கே வாங்கினது அக்கா?"

"வேன்ல வருமே. ஒரு தடவை தொட்டா மூணு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. குளிக்க, குழம்புக்கு எல்லாம் அதான். குழம்பு சும்மா தகதகன்னு இருக்கும் டீச்சர்."

நல்ல மஞ்சளில் இவ்வளவு குரோமியம் இருக்க வழியே இல்லை. ஆனால் ஈயமும் குரோமியமும் சேர்ந்த ஒரு சாயம் இருக்கிறது, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். பெயின்ட்டுக்குப் போடுவது. மட்டமான மஞ்சளைப் பளபளக்க வைக்கச் சில பாவிகள் அதைக் கலப்பதுண்டு என்று குழலி படித்திருக்கிறாள். களத்தின் ஓரத்தில் ஒரு குழந்தை சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது, வாயெல்லாம் மஞ்சள்.

சந்தேகப்பட்டால் போதாது, நிரூபிக்க வேண்டும். நகத்துக்குள்ளேயே குரோமியம் இருந்ததா, மஞ்சளிலிருந்து வந்து ஒட்டியதா என்று பீமராவ் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அக்கா, நான் குடுத்த நகம் எங்கே வச்சிருக்கீங்க?"

"எங்கே வைப்பாங்க? குங்குமச் சிமிழ்ல போட்டு, மேலே அதே மஞ்சத்தூள் கொட்டி மூடி வச்சிருக்கேன். அடமானமாச்சே!"

குழலிக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஒரே ஆளின் நகம், ஒரே நாளில் வெட்டியது. சின்ன விரல் நகம் மஞ்சள் படாமல் லேபில் இருக்கிறது. கட்டைவிரல் நகம் மஞ்சளில் ஊறிக் கிடக்கிறது. இதைவிட நல்ல சாட்சியை எந்த விஞ்ஞானியும் உட்கார்ந்து யோசித்துக்கூடத் தயார் பண்ண முடியாது!

"அந்த நகத்தை எனக்குத் திருப்பித் தரணும் அக்கா."

ரெங்கம்மாளின் முகம் மாறியது. துழாவுகட்டையை ஓரமாகச் சாய்த்தாள்.

"ஓஹோ. எங்க நகமெல்லாம் உங்க கையில போயாச்சு, இப்போ அடமானத்தைத் திருப்பிக் கேக்கறீங்க. நல்லா இருக்கு நியாயம்."

குழலி பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். குரோமியம் ஏறிப்போனதை, தெருவையே விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பதை, மஞ்சள் மேல் தனக்கு இருக்கும் பயத்தை. சொல்லி முடிக்கும்போது களத்துப் பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள்.

"அம்மன் காலடியில வச்ச மஞ்சளைக் குத்தம் சொல்றீங்க" என்றாள் ரெங்கம்மாள். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"அம்மனை ஒண்ணும் சொல்லலே அக்கா. அம்மனுக்கே கலப்படத்தை வித்தவனைத்தான் சொல்றேன்."

ரெங்கம்மாள் வீட்டுக்குள் போனாள். சிமிழோடும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளோடும் வந்தாள். இரண்டு நகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக் காகிதத்தில் மடித்தாள்.

"ஒரு கால் நகம் தர்றேன். இன்னொரு கால் நகம் என்கிட்டதான் இருக்கும். நீங்க சொன்னது பொய்யின்னா, இந்தத் தெருப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

மறுபடியும் சென்னை, மறுபடியும் காத்திருப்பு. அந்த நாட்களில் குழலிக்குச் சோறும் இறங்கவில்லை, லக்ஷ்மணனின் கேலியும் காதில் ஏறவில்லை. இந்த முறை ஈயத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தாள். முடிவு வந்தது. லேபில் இருந்த அவளுடைய நகத்தில் ஈயம் பேருக்குத்தான் இருந்தது. சிமிழில் கிடந்த நகத்தில் ஈயமும் குரோமியமும் கொட்டிக் கிடந்தன. மஞ்சள்தூளிலும் அப்படியே. தெருப் பெண்களின் நகத்துண்டுகளிலும் அப்படியே. எல்லாவற்றிலும் ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் ஒரே விகிதம், அந்தச் சாயத்தில் இருக்கும் அதே விகிதம்.

பீமராவ் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"உன் நகத்தையே சாட்சிக்கூண்டில ஏத்திட்டியேம்மா! இதைப் போய் மூட்டை கட்டுன்னு சொன்னேனே, எனக்குப் புத்தி இருக்கா?" என்றவர், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். அழுக்குச் சாம்பிளைக் கண்டால் ஆகாதவர், கலப்படக்காரனை விடுவாரா?

தெருவில் போய்ச் சொல்வதுதான் குழலிக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் காப்பு என்று போட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னாள். பிள்ளைகள் உடம்பில் ஈயம் சேர்வது எவ்வளவு பொல்லாதது என்பதையும் சொன்னாள். ரெங்கம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். மஞ்சள் ஏறிய கைகள். அப்புறம் நிமிர்ந்தாள் பாருங்கள், அடேயப்பா, அந்தக் கண்ணில் பட்டவன் தொலைந்தான்!

"வேன்காரன் செவ்வாக்கிழமை வருவான். வரட்டும்."

வந்தான். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு, "மங்கல மஞ்சள், மணக்கும் மஞ்சள்" என்று கூவிக்கொண்டு வந்தான். தெரு முனையில் ரெங்கம்மாள் நடுரோட்டில் நின்றாள். பின்னாலிருந்து களத்துப் பெண்கள் துழாவுகட்டைகளோடு வந்து வேனைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் ஹாரன் அடித்தான். ரெங்கம்மாள் ஜன்னல் பக்கம் போய், ஒரு டம்ளர் தண்ணீரில் அவனுடைய மஞ்சளை ஒரு கரண்டி கரைத்து நீட்டினாள்.

"குடி."

"என்னம்மா இது?"

"உன் மஞ்சள்தானே? எங்க பிள்ளைங்க தினம் தின்னுச்சு. நீ ஒரு மடக்குக் குடி."

அவன் குடிக்கவில்லை. அதிகாரிகளின் ஜீப் வரும் வரை யாரும் அவனைத் தொடவும் இல்லை, நகர விடவும் இல்லை. மூட்டைகளைச் சீல் வைத்து ஏற்றியபோது தெருவே குலவையிட்டது. அவனைப் பிடித்து, அவனுக்குச் சரக்குப் போட்ட அரவை மில்லையும் பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்ததில் சிலருக்கு ஈயம் ஏறித்தான் இருந்தது. அந்த மஞ்சளை நிறுத்திச் சில மாதம் கழித்துப் பார்த்தபோது நன்றாக இறங்கியிருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று குழலி கல்லூரி வராந்தாவில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் குதித்தாள்.

ஆனால் ஆராய்ச்சி? அதற்குப் புது நகம் வளர வேண்டும், மஞ்சள் படாத நகம். பீமராவ் நிதிக்குழுவிடம் பேசித் தை வரை தவணை வாங்கியிருந்தார். அதற்குள் நகம் வளர வேண்டும், தெருவும் மறுபடி கொடுக்க வேண்டும். சென்னையில் கருவி கிடைத்ததோ ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வரை வளர விட்டு வெட்டினால்தான் சோதனைக்கு நகம் போதும். முந்தின நாள் என்றால் வெள்ளிக்கிழமை!

வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவதா? வீட்டில் லக்ஷ்மி தங்குவாளா? குழலியே அவள் வீட்டில் வெட்ட மாட்டாள். நம்பிக்கை இல்லாமல்தான் போனாள். வேண்டாம் என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணிக்கொண்டாள்.

களத்துக்குப் போனால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதக்கணக்கில் காலில் மஞ்சள் இல்லை, மருதாணி இல்லை, நெயில்பாலிஷ் இல்லை. ரெங்கம்மாள் விட்டிருந்தால்தானே? ஆனால் யார் முகத்திலும் தெளிவு இல்லை. ஒருத்தி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமையாச்சே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரெங்கம்மாள் எழுந்து வந்து குழலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவை ஊரெல்லாம் கொடுத்தபோதும் கொடுக்காதவள், புடவையை லேசாகத் தூக்கி, களத்துச் சூட்டில் காய்த்துப்போன வலது காலைக் குழலியின் மடியில் வைத்தாள்.

"வெட்டு தாயி. நாங்களே வெட்டிக் குடுத்தா மறுபடி எதையாவது போட்டுத் தொலைப்போம். நீயே வெட்டு."

"வெள்ளிக்கிழமை அக்கா..."

"வெள்ளிக்கிழமையை நான் பாத்துக்கறேன். எம் பிள்ளைங்க வயித்துல விஷம் போனப்ப அது எந்தக் கிழமைன்னு யாரு பாத்தா? வெட்டு!"

குழலிக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு வெட்டினாள். அந்த வெள்ளை நகத்துண்டு கவருக்குள் விழுந்ததும் களம் முழுக்க ஒரே கலகலப்பு. "எனக்கு, எனக்கு" என்று கால்கள் நீண்டன. முதல் தடவை வராத வீடுகளிலிருந்துகூட வந்தார்கள். கவர் தீர்ந்துபோய், குழலி லேபுக்குப் போன் போட்டு இன்னும் கவர் வரவழைத்தாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை குரோமியம் ஒழுங்காகத் தரையில் நின்றது. கலங்கல் தெளிந்ததும் அடியில் கிடந்தது தெரிந்தது. நகத்தோடு சேர்த்துப் பார்த்த ரத்தச் சோதனையில் சர்க்கரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு நகத்தில் துத்தநாகம் குறைவாக இருந்தது. அதனால்தான் இது என்று குழலி சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கிறது, இன்னும் பல வருஷம் இதே பெண்களைப் பார்த்தால்தான் எது முன், எது பின் என்று தெரியும் என்று குழுவின் முன்னால் நின்று சொன்னாள். குழு அந்தப் பல வருஷத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது. பீமராவ் வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினார், சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காரர் என்பதையே மறந்து!

குழலி மைசூர்பாகுக்கு நிற்கவில்லை. கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. நேராக மண்ணச்சநல்லூருக்குப் போனாள்.

"அக்கா, மொதல்ல உங்ககிட்ட சொல்றேன்னு சொல்லியிருந்தேன். உங்களுக்கு சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. இன்னும் உள்ளே வரலே. இப்போ பிடிச்சா தள்ளி நிறுத்திடலாம்."

ரெங்கம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கு காலை எடுத்தப்பதான் சர்க்கரைன்னே தெரிஞ்சுது" என்றாள். "எனக்கு வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு. அரிசியைத் தவிடு போகத் தீட்டாதீங்க, அளவைக் குறைங்க. கொண்டக்கடலை, பயறு சேத்துக்குங்க. தினம் நடங்க. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"அட, ரைஸ்மில்லுலயே இருந்துக்கிட்டுத் தவிட்டை மாட்டுக்குப் போட்டோமே!" என்று ரெங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் உள்ளே போய்ச் சிமிழை எடுத்து வந்தாள். மஞ்சளெல்லாம் கழுவி, துடைத்த சிமிழ். உள்ளே ஒற்றைக் கட்டைவிரல் நகம்.

"இந்தா. அடமானம் மீண்டாச்சு."

"வட்டி வேண்டாமா அக்கா?"

"அதான் வாசல்லயே பிடிச்சுக் குடுத்திட்டியே, இதுக்கு மேலயா வட்டி?"

இரண்டு பேரும் கொல்லைப்புறம் போனார்கள். முருங்கை மரத்தடியில் ரெங்கம்மாள் விரலால் குழி பறித்தாள். குழலி தன் நகத்தை அதில் போட்டாள். ரெங்கம்மாள் மண்ணைத் தள்ளி மூடி, காலால் ஒரு மிதி மிதித்தாள். அப்புறம் நிமிர்ந்து, "வர்ற வருஷம் எந்தக் கிழமைன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு" என்றாள்.